சுவருக்கு அடியில் ஒரு குழாய்

போன வாரம் முன்னறையில், கணுக்கால் நனைய, துடைப்பமும் கையுமாக நின்றவளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். வாசலில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் வேறு, பலகையைத் தோளில் சுமந்தபடி, "எங்கேம்மா மாட்டணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நமக்குத்தான் ஒரு வாரம் ஓடிவிட்டது. அங்கே அந்தக் கேள்விக்கு இன்னும் பதிலே வரவில்லை.

"உள்ளே கொண்டாராதீங்க. வாசல்லயே சாய்ச்சு வைங்க," என்றாள் சின்னவள்.

"என்னம்மா இது, கறுப்பா தண்ணி..."

"தெரியுது. கண்ணாடி வேலை பார்க்கறவளுக்குக் கண்ணு தெரியாமலா போகும்?"

அவர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, மூக்கைப் பொத்தாமல் பொத்திக்கொண்டு கிளம்பிப் போனார். வெள்ளைப் பலகையில் நீல எழுத்து: "கண் பரிசோதனை, மூக்குக் கண்ணாடி." எழுத்து என்னவோ அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது.

சின்னவள் என்பது வீட்டுக்குச் சின்ன மருமகள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஐம்பதைத் தாண்டியும் அது உதிரவில்லை. கடைத்தெருவில் உள்ள கண்ணாடிக் கடையில் பாதி ஆயுள் வேலை பார்த்தவள். இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. ஊரில் பாதிப்பேர் அவள் கையால் தெளிந்தவர்கள்.

போன மாதம் வேலையை விட்டாள். வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகக் கடை. வழுவழுவென்று புதுத் தரை போட்டாயிற்று, எழுத்து அட்டை சுவரில் ஏறிவிட்டது, வில்லைப்பெட்டி வந்து இறங்கிவிட்டது. திங்கட்கிழமை திறப்பு. "போய்ட்டு வா. உன் நாற்காலியை நான் எடுக்கப் போறதில்லை, எப்படியும் திரும்பி வருவே," என்று சிரித்தபடி வழியனுப்பியிருந்தார் பழைய முதலாளி. அந்தச் சிரிப்பு அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இன்று சனிக்கிழமை. தரைக்கு அடியிலிருந்து சாக்கடை பொங்குகிறது. இந்த நாற்றத்தில் யார் வந்து உட்கார்ந்து எழுத்துப் படிப்பார்கள்?

"கம்பியை விட்டுக் குத்தினா இப்போதைக்குப் போயிடும்."

குரலுக்குச் சொந்தக்காரர் அவள் கணவர். கையில் நீளக் கம்பி. கோடவுனில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தெருவில் அவருக்குப் பெயரே 'இப்போதைக்கு'தான். மின்விசிறி ஆடினால் இப்போதைக்கு ஒரு அட்டையைச் செருகுவார். நாற்காலிக் கால் உடைந்தால் இப்போதைக்கு ஒரு கயிறு. குக்கர் வெயிட்டின் தலை ஆடியபோது இப்போதைக்கு என்று செம்புக் கம்பியைச் சுற்றியதும், பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் சல்லடை உடைந்தபோது இப்போதைக்கு என்று அரைச் செங்கல்லை வைத்ததும் அவர்தான். அந்த வீட்டில் கயிறோ கம்பியோ படாமல் தப்பித்தது சின்னவள் மட்டும்தான்.

"குத்த வேண்டாம். பிளம்பர் வர்றார்," என்றாள்.

"பிளம்பரா? யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்?"

அவர் கண்கள் அவரையறியாமல் சுவர்ப் பக்கம் போயின. அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

ஒரே வீடாக இருந்ததுதான். மாமனார் போனபின் அண்ணனுக்கும் தம்பிக்குமாக நடுவில் சுவர் எழுந்தது. அந்தப் பக்கம் பெரியவரும் பெரியவளும், இந்தப் பக்கம் இவர்கள். அறை பிரிந்தது, கதவு பிரிந்தது, கட்டில் பிரிந்தது. பாத்திரம் பிரிக்கிறபோது குக்கர் பெரியவள் பங்குக்குப் போயிற்று. ஆனால் அதன்மேல் உட்கார்ந்து விசில் அடிக்கிற வெயிட்டை மட்டும் காணோம்.

"அவ எடுத்து ஒளிச்சுட்டா. குக்கர் எனக்கு உதவக் கூடாதுன்னு," என்றாள் பெரியவள்.

"அவங்களே தொலைச்சுட்டு என் தலையில கட்டுறாங்க," என்றாள் சின்னவள்.

வேறொரு வெயிட் வாங்க எத்தனை நேரம் ஆகும்? பெரியவள் மறுநாளே வாங்கிவிட்டாள். பேச்சு மட்டும் அன்றோடு நின்றது. திருட்டுப்பட்டம் கட்டினவளோடு என்ன பேச்சு என்று இவள் இருந்துவிட்டாள். நெஞ்சழுத்தக்காரியோடு என்ன பேச்சு என்று அவளும் இருந்துவிட்டாள். கல்யாணம் காட்சி என்றால்கூட ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துப் பிரித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். கழிவுத் தண்ணீரைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். பெரியவர் வீட்டுத் தண்ணீரெல்லாம் சுவருக்கு அடியில் வரும் ஒரு மண்குழாயில் இந்தப் பக்கம் வந்து, இவர்கள் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, முன்னறைக்கு அடியில் ஓடித்தான் தெருவுக்குப் போகவேண்டும். குழாய் அடைத்தால் பொங்குவது எப்போதும் சின்னவள் வீட்டில்தான்.

பிளம்பர் வந்தார். வாய் ஓயாத மனிதர். எந்த வீட்டுக்குப் போனாலும் அதைவிட மோசமான வீட்டின் கதை ஒன்று அவரிடம் தயாராக இருக்கும். கூட வந்த இரண்டு ஆட்களைச் சந்தில் நிறுத்திவிட்டு, சமையலறைப் பக்கத்துத் தொட்டி வழியாக ஒரு நீளமான வயரை உள்ளே விட்டார். அதன் நுனியில் குட்டிக் கேமரா. கையிலிருந்த சின்னத் திரையில் குழாயின் வயிறு தெரிந்தது.

"பாருங்கம்மா, இதெல்லாம் வேர். இது..."

"கொஞ்சம் பின்னால இழுங்க. தெளிவா இல்லை," என்றாள் சின்னவள். அவளுக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. "இப்ப இடது பக்கம் திருப்புங்க. அதோ, விரிசல். அதுக்கப்புறம் இன்னொண்ணு. ஏங்க, வந்து பாருங்க."

கணவர் எட்டிப் பார்த்தார். "விரிசல்தானே, இப்போதைக்கு ஒரு துண்டு வெச்சு ஒட்டிட்டா..."

"ஒட்டலாம் சார்," என்றார் பிளம்பர். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முன்னறையைத் தோண்டி, உடைஞ்ச இடத்துல மட்டும் புதுத் துண்டு போடறது. பழைய குழாய் பழைய மாதிரியே ஓடும். ரெண்டாவது, இந்தக் குழாயையே கை கழுவிட்டு, உங்க வீட்டுத் தண்ணியை மட்டும் சந்து வழியா, புது பி.வி.சி. குழாய்ல, நேரா தெருவுக்குக் கொண்டு போறது."

"முன்னறையைத் தோண்டினா புதுத் தரை?"

"போயிடும்மா. சாக்கடையைப் பார்க்காம தரை போட்டிருக்கீங்களே. நேத்து ஒரு வீட்ல இப்படித்தான்..."

"சரி, தப்புத்தான். ரெண்டாவது வழியில தரை தப்பிக்குமா?"

"தப்பிக்கும். ஆனா அதுல ஒரு சிக்கல்." பிளம்பர் சுவரைக் காட்டினார். "நீங்க விட்டுட்டாலும் அந்தப் பக்கத்துத் தண்ணி இதுல வந்துக்கிட்டேதான் இருக்கும். உங்க கடைக்கு அடியிலதான் கசியும். அதனால சுவருக்கு அடியில வர்ற வாயை அடைச்சாகணும்."

"அடைச்சா அவங்க தண்ணி?"

"அவங்க பக்கமே நிக்கும். அவங்க வாசல் வழியா தனியா இழுத்துக்கலாம், பெரிய வேலை இல்லை. ஆனா அவங்க மனசு வெச்சாத்தானே?"

எல்லாரும் ஒரு கணம் சுவரைப் பார்த்தார்கள்.

"இப்போதைக்கு முதல் வழியே..." என்று ஆரம்பித்தார் கணவர்.

சின்னவள் காதில் அது விழவேயில்லை. இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் பேரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, இதுவா அதுவா என்று கேட்டிருப்பாள்! அவளை யாராவது கேட்டிருக்கிறார்களா? சுவர் எழுப்பியபோது கேட்டார்களா? வடக்குப் பாதி வேண்டுமா, தெற்குப் பாதி வேண்டுமா என்று கேட்டார்களா? சரி, யாரும் கேட்காவிட்டால் போகிறது. இன்றைக்குத் தன்னையே தான் கேட்டுக்கொண்டாள். இது தெளிவா, அது தெளிவா?

"எனக்கு ரெண்டாவதுதான் தெளிவா இருக்கு," என்றாள். "புதுக் குழாய் போடுங்க. பழசை அடைச்சிடுங்க."

"ஏம்மா, அண்ணன்..." என்றார் கணவர்.

"அண்ணன்கிட்டதான் போன மாசமே சொல்லிட்டீங்களே. குழாயைத் தனித்தனியா பிரிச்சுக்கலாம்னு நான் சொல்லச் சொன்னேன். போயிட்டு வந்து, 'பார்க்கலாம்னார்'னு சொன்னீங்க. அவர் பார்த்துக்கட்டும், நாம செய்வோம்."

அவர் கையிலிருந்த கம்பியின் துருவை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"ஏங்க, சொன்னீங்கதானே?"

"சொல்லத்தான் போனேன். அவர் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். சரி, இப்போதைக்கு வேண்டாம்னு..." மென்று விழுங்கினார். "கேட்டிருந்தா பார்க்கலாம்னுதான் சொல்லியிருப்பார்."

பிளம்பர் வயரைச் சுருட்டுகிற சாக்கில் சந்துப் பக்கம் நழுவிவிட்டார்.

ஒரு மாதமாக அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் சின்னவள் தரை போட்டாள், வேலையை விட்டாள், பலகை எழுதக் கொடுத்தாள். பொய் சொன்னாரே என்பதைவிட, அண்ணனிடம் வாய் திறப்பதைவிட இவளிடம் பொய் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறதே என்பதுதான் வலித்தது. கத்தியிருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள்.

"எங்கே போறே?"

"நீங்க போகாத இடத்துக்கு."

கொல்லையில் நடுச்சுவர் கழுத்தளவுதான். அந்தப் பக்கம் பெரியவர் சாய்வு நாற்காலியில் பேப்பரும் கையுமாக இருந்தார். அந்த நாற்காலியும் பேப்பரும் அவர் உடம்பில் ஒரு பாகம். சற்றுத் தள்ளி, தொட்டியடியில், முதுகைக் காட்டியபடி பெரியவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

பெரியவர் பேப்பரை இறக்கவில்லை. "தம்பி! அங்கே யாரோ பேசற மாதிரி இருக்கே," என்று வானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

"யாரோ இல்லை, நான்தான். சுவருக்கு அடியில வர்ற குழாயை இன்னிக்கு அடைக்கப் போறோம். உங்க தண்ணிக்கு உங்க வாசல் வழியா தனியா ஒண்ணு இழுத்துக்குங்க. பிளம்பர் இங்கேயே இருக்கார். இன்னிக்கே சொன்னாலும் செஞ்சு கொடுப்பார்."

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பேப்பர் மெதுவாக இறங்கியது.

"தம்பி, அது அப்பா போட்ட குழாய்னு சொல்லு. அதுல எவனும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு."

"குழாய்தான் அத்தான் மாமா போட்டது. உள்ளே இருக்கற அழுக்கு நாம போட்டது."

"இத்தனை வருஷம் ஓடலையா? ஒரு துண்டை வெச்சு ஒட்டினா இன்னும் ஓடும். ஒட்டச் சொல்லு!"

"ஒட்டணும்னா என் தரையை உடைக்கணும். ஒட்டினாலும் பொங்கறது என் வீட்லதான். உங்களுக்கு என்ன, பேப்பர் நனையாது."

பெரியவர் முகம் சிவந்துவிட்டது. சட்டத்தையே மறந்து நேராக அவளைப் பார்த்தார். "கடையாம் கடை! குடும்பத்துப் பொம்பளை வாசல்ல பலகை மாட்டி, வர்றவன் போறவன் கண்ணையெல்லாம் பார்க்கப் போறாளாம். அதுக்காக நான் என் குழாயை விட்டுக்கொடுக்கணுமா?"

"ஆமா அத்தான். வர்றவங்க போறவங்க கண்ணைத்தான் பார்க்கப் போறேன். நீங்க வந்தாலும் பார்ப்பேன். பேப்பரை அவ்வளவு தள்ளிப் பிடிச்சுப் படிக்கிறீங்களே, கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

தொட்டியடியில் ஒரு டம்ளர் கைதவறி விழுந்தது. கைதவறித்தான் விழுந்ததா, சிரிப்பை மறைக்கவா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அடைச்சுப் பாரு," என்றார் பெரியவர். "அடைச்சுத்தான் பாரேன். அப்புறம் தெரியும் நான் யார்னு."

"எனக்கு உங்களை முன்னாடியே தெரியும் அத்தான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நேராகச் சந்துக்கு நடந்தாள்.

சந்தில் வேலை மளமளவென்று நடந்தது. மண் ஒரு பக்கம் குவிந்தது, வெள்ளைக் குழாய் பள்ளத்துக்குள் படுத்தது. பிளம்பர் மட்டத்தை வைத்து வைத்துச் சரிவு பார்த்தார். கணவர் யார் கண்ணிலும் படாமல், ஆனால் யாருக்கும் தொலைவிலும் போகாமல், வாளியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார். ஒரு தடவை காபி கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் குடிக்கவில்லை. ஆறியபின் அவரே எடுத்துக் குடித்தார்.

வெயில் சாயும் நேரத்தில் புதுக் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தெருவுக்குப் போயிற்று. சின்னவளுக்குக் கண் கலங்கியது. தண்ணீர் கீழே போவதைப் பார்த்து யாராவது அழுவார்களா? அவள் அழுதாள், இரண்டு சொட்டுத்தான்.

"இனிமே பழசை அடைக்கறதுதான் பாக்கி," என்றார் பிளம்பர். சமையலறையை ஒட்டி, கொல்லைச் சுவரடியில் தோண்டிய குழிக்குள் பழைய குழாயின் வாய் தெரிந்தது. அடைப்பானை எடுத்து வைத்தார். தடித்த ரப்பர், நடுவில் திருகு. வாயில் வைத்து அழுத்திக்கொண்டு திருகினால் ரப்பர் உப்பி இறுகிக்கொள்ளும். "அதுக்கு முன்னால மேல் பக்கம் ஒரு தடவை பார்த்துடறேன். ஏதாவது உருண்டு வந்து இடிக்கக் கூடாது."

கேமரா சுவருக்கு அடியில் போயிற்று. சின்னவள் திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முடி, கந்தல், கொழுப்பு. எல்லாம் ஒன்றைச் சுற்றித் திரண்டிருந்தது.

"நிறுத்துங்க. உருண்டையா ஒண்ணு தெரியுது. கல்லு மாதிரி இல்லை."

பிளம்பர் கொக்கியை விட்டு, இழுத்து, திட்டி, மறுபடி இழுத்தார். கறுப்பாக ஒரு கட்டி குழியில் வந்து விழுந்தது. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். அழுக்கு கரையக் கரைய உலோகம் பளிச்சிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற, கனமான சாமான்.

"இதென்ன, குக்கர் வெயிட்டா?" என்று சிரித்தார் பிளம்பர். "ஒரு வீட்ல பல்செட்டே வந்துச்சு. இது பரவாயில்லை."

வேறு யாரும் சிரிக்கவில்லை. வெயிட்டின் தலையைச் சுற்றிச் செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. கம்பியின் முனை ஒன்று கொக்கி போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழாய் இணைப்பில் மாட்டிக்கொண்டு, இத்தனை வருஷமும் வருகிற அழுக்கையெல்லாம் பிடித்துப் பிடித்து வைத்தது அந்த முனைதான்.

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. கம்பி அவர் சுற்றியது. இப்போது பெரியவள் பக்கம் இருக்கும் தொட்டியில், வெயிட் உருண்டு விழுந்த ஓட்டையை அரைச் செங்கல்லால் மூடியதும் அவர்தான்.

"யாரும் எடுக்கலை," என்றார் மெல்ல. "ரெண்டு பேருமே எடுக்கலை. நான்தான்..."

சின்னவள் அவரைத் திட்டியிருக்கலாம். திட்ட வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. வெயிட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தொட்டியடிக்கு எதிரே, சுவரோரம் போனாள். "அக்கா," என்றாள்.

எத்தனை வருஷமாகவோ வாயில் வராத சொல். வெயிட்டைச் சுவர்மேல் 'ணங்'கென்று வைத்தாள்.

பெரியவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். வெயிட்டைப் பார்த்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து சின்னவள் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கே இருந்துச்சு?"

"சுவருக்கு அடியில. குழாய்ல."

"நீ எடுக்கலையா?"

"நீங்களும் தொலைக்கலை."

பெரியவள் வெயிட்டைக் கையில் எடுத்தாள். "எத்தனை பேர்கிட்ட சொன்னேன், நீ எடுத்துட்டேன்னு," என்றாள். மன்னிப்பு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சின்னவளும் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயம் இல்லையே அது.

"என்ன அங்கே பேச்சு?" நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அடைக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடு!"

பெரியவள் திரும்பவில்லை. சின்னவளைப் பார்த்தபடியே, ஆனால் நாற்காலிக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"அடைச்சிடு."

"என்ன சொன்னே?"

"அடைச்சிடுன்னு சொன்னேன். குளியலறையில ராத்திரி பகல் பார்க்காம கரப்பான் ஏறுது. நாத்தம் தாங்கலை. சொன்னா, அப்பா போட்ட குழாய்ங்கறீங்க. அப்பா போட்ட குழாயைக் கழுவறவ நானு. நீ அடைச்சிடு சின்னவளே. அப்பத்தான் இங்கே ஒருத்தர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்."

எழுந்துவிட்டார். பேப்பர் கீழே விழுந்தது. கொடியில் தொங்கிய துண்டை உருவித் தோளில் போட்டார்.

"ஓஹோ, ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? நான் குளிக்கப் போறேன். இப்பவே போறேன். நான் உள்ளே குளிச்சுக்கிட்டிருக்கறப்ப எவனுக்கு தைரியம் இருக்கோ, அவன் அடைக்கட்டும் பார்ப்போம்!"

குளியலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்ட சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

சின்னவள் குழிக்கு ஓடிவந்தபோது சோப்பு நுரையோடு தண்ணீர் வாய் வழியாக வர ஆரம்பித்திருந்தது. பிளம்பர் அடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "வேணாம்மா. குளிச்சு முடிக்கட்டும். பெரிய மனுஷர், கோபத்துல இருக்கார். அண்ணன் தம்பி விவகாரத்துல நான் மாட்டிக்கக் கூடாது."

"கொடுங்க இங்கே."

அடைப்பானைப் பிடுங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். முழங்கால் சேற்றில் புதைந்தது. தண்ணீர் முகத்தில் தெறித்தது. ரப்பரை வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். அழுத்தினால் திருகக் கையில்லை. திருகப் போனால் தண்ணீர் தள்ளியது. இரண்டு தடவை நழுவிவிட்டது.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள்.

குழி விளிம்பில் அவர் நின்றிருந்தார். அந்தப் பக்கம் அண்ணன் குளிக்கிற சத்தம். இந்தப் பக்கம் மனைவி சேற்றில். அவர் வாய் திறந்தது. அந்தச் சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"இப்போதைக்குன்னு மட்டும் சொன்னீங்க, இந்தக் குழியில உங்களையே வெச்சு அடைச்சிடுவேன்," என்றாள்.

அவர் வாயை மூடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அவள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் திருகைப் பிடித்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ரப்பர் உப்பியது, நுரை குறைந்தது, கசிவானது, கடைசியில் சொட்டாகி, அதுவும் நின்றது. நின்றபிறகும் அவர் விடவில்லை. இனி திருக முடியாது என்கிற வரைக்கும் திருகிவிட்டுத்தான் கையை எடுத்தார்.

பிறகு சுவரைப் பார்த்து, அவள் இதுவரை கேட்டிராத குரலில் கூவினார்.

"அண்ணே! அடைச்சாச்சு!"

சுவருக்கு மேல் பெரியவளின் முகம் மட்டும் தெரிந்தது. கையில் அந்த வெயிட் இருந்தது.

சின்னவள் முகத்துச் சேற்றை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பலகையைக் கொண்டுபோய் மாட்டுங்க," என்றாள் கணவரிடம். "கயித்துல இல்லை. ஆணியடிச்சு."

அவர் சுத்தியலைத் தேடிப் போனார். அவள் குழிக்குள்ளேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் குழாய் முழுவேகத்தில் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் வடிந்து போகிற சத்தம் மட்டும் இல்லை.